அட்டை மறைத்த பாய்கள்

இரண்டாவது கல்யாண ஓலையை வாசித்து முடித்து ஃபாதர் கண்ணாடியைக் கழற்றிய நேரத்தில்தான் தோமாசிக் கிழவர் எழுந்து நின்றார். காலம் காலமாக உபதேசியாராக இருக்கிற மனுஷர், சும்மா காலாற எழுந்து நிற்கிறவர் இல்லை.

"ஃபாதர், இந்தக் கல்யாணத்துக்குத் தடை இருக்கு. பொண்ணும் மாப்பிள்ளையும் அண்ணன் தங்கச்சி முறை."

கோயில் முழுக்க ஒரு முணுமுணுப்பு ஓடியது. கலோலைனேவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மணப்பெண் லெசியேலி, தன் அத்தையான அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். தம்பி செத்த பிறகு அவன் மகளான இவளை வளர்த்து ஆளாக்கி, பள்ளிக்கூடத்து டீச்சராக்கி, கல்யாணத்துக்குப் பாய் நெய்து பெட்டி நிறைத்து வைத்திருந்தவள் கலோலைனே. வெண்ணெய் திரண்டு வருகிறபோதுதான் தாழி உடையவேண்டுமா?

"வாயில புழு விழும்டா கிழவா!" என்று அவள் கத்தியது பீடம்வரை கேட்டது. ஃபாதர் கேட்காததுபோல் சிலுவை போட்டு பூசையைத் தொடர்ந்தார்.

பூசை முடிந்ததும் பங்கு அறையில் தோமாசி பழைய ஞானஸ்நானப் பதிவேட்டை விரித்துக் காட்டினார். வாஹாயி என்கிற குடும்பத் தலைவரின் பெயருக்குக் கீழே இரண்டு மகன்கள். பவுலியாசி, சிதானி. சிதானி கலோலைனேவின் தாத்தா. பவுலியாசி வவாத் தீவுக்குப் படகேறிப் போய் அங்கேயே தங்கிவிட்டவர். மாப்பிள்ளை விலிசோனி அவருடைய கொள்ளுப்பேரன்.

"பவுலியாசி எடுத்து வளர்த்த பிள்ளை. எங்க வீட்ல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. ரத்தம் கிடையாது" என்றாள் கலோலைனே.

"உங்க வீட்ல ஆயிரம் சொல்லுவீங்க. இதுல ரெண்டு பேரும் மகன்னுதானே இருக்கு?"

"அந்தக் காலத்து வெள்ளைக்காரச் சாமியாருக்கு என்ன தெரியும்? யார் பிள்ளையைத் தூக்கிட்டு வந்தாங்களோ அவங்க பேரை எழுதிட்டுப் போனாரு!"

"அப்போ ரெண்டுல யாரு பெத்த பிள்ளை, யாரு வளர்த்த பிள்ளை? சாட்சி கொண்டா. நான் வேணாம்னா சொல்றேன்?"

தோமாசிக்கு இவர்கள்மேல் பகை ஒன்றும் கிடையாது, பாவம். பாவத்துக்கு உடந்தையாகிவிடுவோமோ என்று உண்மையாகவே பயந்தார். ஃபாதர் சின்ன வயசுக்காரர். தொண்டையைச் செருமிக்கொண்டு, "இவ்வளவு தூரத்து உறவுக்குத் திருச்சபையில தடை இல்லைம்மா" என்றார்.

"திருச்சபைக்கு இல்லாம இருக்கலாம், எங்களுக்கு இருக்கு" என்றாள் சியுதிதி. மாப்பிள்ளையின் அத்தை. பன்றிகளும் பாய்க்கட்டுகளுமாக வவாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கியிருந்தாள். "கூடப்பிறந்தவளை எவன் கட்டுவான்? புதன்கிழமை குடும்பம் பூரா கூடட்டும். பதில் இருந்தா சொல்லுங்க. இல்லேன்னா மறுநாள் கப்பல்ல நாங்க கிளம்புறோம்."

அன்றைக்குச் சாயங்காலம் விலிசோனி வந்தான். வேலிப் படலுக்கு வெளியிலேயே நின்றான், வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அண்ணன் தங்கை என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் ஒரே கூரைக்குக் கீழே உட்காரக்கூடாது, முகம் பார்த்துப் பேசக்கூடாது. நேற்றுவரை இதே வீட்டு அடுக்களையில் நுழைந்து சட்டியைத் திறந்து பார்த்தவன்.

"அத்தை, அவ சாப்பிட்டாளான்னு கேளுங்க" என்றான் தெருவைப் பார்த்து.

உள்ளே லெசியேலி சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "சாப்பிட்டேன்னு சொல்லுங்க அத்தை."

பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை அவள்.

திங்கட்கிழமை காலையில் அவளுக்கு அந்தப் போட்டோ நினைவுக்கு வந்தது. வாஹாயி செத்த அன்று குடும்பம் முழுக்க வீட்டு முன்னால் நின்று எடுத்தது. அவளுடைய அப்பா அதற்குச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். கண்ணாடிக்குள் கறுப்பு அட்டை, அட்டையில் முட்டை வடிவத்தில் வெட்டிய ஓட்டை, அந்த ஓட்டைக்குள் கழுத்துவரை முகங்கள். பிறந்ததிலிருந்து பார்த்த முகங்கள். பின்னால் யாராவது பெயரும் முறையும் எழுதியிருப்பார்கள் என்ற ஆசையில் ஆணியை நெம்பிச் சட்டத்தைப் பிரித்தாள்.

பின்னால் எழுத்து ஒன்றும் இல்லை. ஆனால் அட்டை தனியாகக் கழன்று விழுந்தது. முழுப் போட்டோவும் வெளியே வந்தது, கால்வரைக்கும்.

கலோலைனே அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

துக்க வீட்டில் இடுப்பில் கட்டுகிற பாய்தான் ஒருவருடைய உறவு. செத்தவருக்குப் பணிந்த ரத்தம், அதாவது பெற்ற பிள்ளைகள், நெஞ்சிலிருந்து கணுக்கால்வரை கிழிந்த பெரிய பாயைச் சுற்றிக்கொள்ள வேண்டும். வேற்று ஆட்கள் கிழியாத சின்னப் பாயோடு நிற்பார்கள். யாருக்கு எந்தப் பாய் என்று சொல்வது செத்தவருடைய அக்கா. அவள் வாய்க்கு மறுவாய் கிடையாது. வளர்த்த பாசத்துக்காக ஒருவன் காலில் விழுந்து கேட்டாலும் அவள் சம்மதிக்காவிட்டால் பெரிய பாய் கிடைக்காது. அந்த அக்கா படத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள், உதட்டை இறுக்கிக்கொண்டு. அவளுக்குப் பின்னால் பவுலியாசி, முழங்கை தெரியாத அளவுக்குக் கிழிந்த பாய்க்குள். ஓரத்தில் சிதானி, விருந்தாளி மாதிரி, இடுப்பில் புத்தம் புதிய சின்னப் பாய்.

பெற்ற பிள்ளை படகேறிப் போயிருக்கிறான். வளர்த்த பிள்ளை ஊரிலேயே இருந்திருக்கிறான். இருந்தவன் சொன்னதுதான் கதையாகிவிட்டது. அப்பாவுக்கு இது தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் அளவெடுத்து அட்டை வெட்டியிருக்கிறார். "அடப்பாவி அப்பா!" என்றாள் வாய்விட்டு.

முதலில் வந்தது சந்தோஷம்தான். ரத்தம் இல்லை, கல்யாணம் நடக்கும். எழுந்து ஓடுவதற்குக் கால் ஊன்றினாள். அப்புறம்தான் மற்றது உறைத்தது.

வாஹாயியின் ரத்த வழியில் மூத்த பெண் என்பதால்தான் இந்தக் குடும்பத்தில் எந்தச் சாவு விழுந்தாலும் தலைமாட்டில் அவள் உட்கார்ந்தாள். எந்தப் பந்தியிலும் முதல் தட்டு அவளுக்கு. தடித்தடி ஆண்கள் அவள் முன்னால் குனிந்து போவார்கள். அவளுக்குக் கல்யாணம் இல்லை, குழந்தை இல்லை. அந்த இடம் இருந்தது, போதும் என்று வாழ்ந்துவிட்டாள். அந்த இடம் அவளுடையது இல்லை. சமையல் கொட்டகையில் புகைக்கு நடுவில் உட்கார வேண்டியவள் அவள். தலைமாடு சியுதிதிக்கு உரியது.

அட்டையை எடுத்துத் திரும்பப் பொருத்தினாள். ஆணியைக் கல்லால் தட்டினாள். கட்டைவிரலிலும் ஒரு தட்டுப் பட்டது.

"அத்தை, ஏதாவது கிடைச்சுதா?" என்று லெசியேலி வந்து கேட்டபோது, "ஒண்ணுமில்லடி, வெறும் மூஞ்சிதான்" என்றாள். தன் குரலே தனக்கு அருவருப்பாக இருந்தது.

புதன்கிழமை கூடத்தில் ஆள் கொள்ளவில்லை. மேல்கோடியில், வழக்கமான இடத்தில், கலோலைனே. மடியில் சட்டம் போட்ட போட்டோ. ஏன் எடுத்துவந்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. விலிசோனி வாசலுக்கு வெளியே பன்றிகளோடு பன்றியாகக் குந்தியிருந்தான். லெசியேலி கூடத்துக்குள் இருந்ததால் அவன் வரக்கூடாது.

"சாட்சி உண்டா?" என்று தோமாசி கேட்டார்.

கலோலைனே மடியிலிருந்த சட்டத்தை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டாள்.

சியுதிதி பெருமூச்சு விட்டாள். "பாயெல்லாம் கட்டுங்கடா. கிளம்பலாம். முறைக்கு அந்தப் பொண்ணு ஒரு வார்த்தை சொல்லிடட்டும், நாளைக்கு ஊர் தப்பாப் பேசாது."

லெசியேலி எழுந்து வாசலைப் பார்த்தாள். இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினாள்.

"போயிட்டு வாங்க... அண்ணா."

வெளியே விலிசோனி தலையை முழங்கால்களுக்கு நடுவில் புதைத்துக்கொண்டான்.

"நிறுத்துடி!" கலோலைனே போட்ட சத்தத்தில் பன்றிகள் மிரண்டன. "அந்த வார்த்தையை இன்னொரு தடவை சொன்னே, பல்லைத் தட்டிடுவேன்!"

சட்டத்தைத் திருப்பித் தரையில் ஓர் அடி. கண்ணாடி தெறித்தது. அட்டையைப் பிய்த்து எறிந்து, போட்டோவைச் சியுதிதியின் முன்னால் பாய்மேல் வைத்தாள்.

"பாயைப் பாரு அக்கா. மூஞ்சியைப் பாக்காதே, பாயைப் பாரு."

சியுதிதி குனிந்தாள். தோமாசி மண்டியிட்டு மூக்கு போட்டோவில் படுகிற அளவுக்குப் பார்த்தார். யாரும் விளக்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை. போட்டோ கை மாறிக் கை மாறிப் போக, பார்த்தவர்கள் ஒவ்வொருவராகக் கலோலைனேவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்போ சிதானிதான்..." தோமாசி முடிக்கவில்லை. "மகளே, இது தெரிஞ்சா உன் இடம்..."

"எனக்குக் கண்ணு தெரியும், நீங்க சொல்லவேண்டாம்." மேல்கோடியிலிருந்து எழுந்தாள். இருந்து இருந்து அவள் இடுப்புக்கு ஏற்ற மாதிரி அந்தப் பாய் குழிந்திருந்தது. "வா அக்கா. வந்து உக்காரு. ரொம்ப நாளாச் சூடாக்கி வச்சிருக்கேன்."

சிரிக்கலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. சியுதிதி எழுந்து வந்தாள். அவளைத் தாண்டிப் போகும்போது கலோலைனே முதுகை வளைத்துக் குனிந்து போனாள். வாழ்க்கையில் இந்தக் கூடத்தில் அவள் குனிந்தது அதுதான் முதல் தடவை.

சமையல் கொட்டகையில் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு நகர்ந்து இடம் விட்டார்கள். ஒருத்தி தயங்கித் தயங்கிக் கத்தியை நீட்டினாள்.

"சேப்பங்கிழங்கு சீவத் தெரியுமா உங்களுக்கு?"

"உங்க ஆத்தாவுக்கே நான் சொல்லித் தருவேன், கொடுடி" என்றாள் கலோலைனே. முதல் சீவலிலேயே பாதிக் கிழங்கு தோலோடு போயிற்று. பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். அவளுக்கு அழுகை முட்டியது.

மண்ணடுப்பைத் திறந்து பந்தி வைக்கத் தொடங்கினார்கள். கூடத்திலிருந்து விலிசோனியின் குரல் கேட்டது. உள்ளேயிருந்து, லெசியேலி இருக்கிற அதே கூரைக்குக் கீழேயிருந்து. கலோலைனே கத்தியைக் கீழே வைத்துக் காது கொடுத்துக் கேட்டாள்.

திடீரென்று அங்கே பேச்சு அடங்கியது. "ஏய், முதல் தட்டை எங்க தூக்கிட்டுப் போறே? மேல்கோடி இந்தப் பக்கம்!" என்று தோமாசி பதறினார்.

"எனக்குத் தெரியும் தாத்தா."

பன்றி இறைச்சியின் நல்ல துண்டு வைத்த தட்டோடு லெசியேலி கொல்லைப்புறம் இறங்கி வந்தாள். பின்னாலிருந்து சியுதிதியின் அதட்டல்: "விடுய்யா! அவ அத்தைக்கு அவ கொடுக்குறா. இதுல எனக்கே பேச்சில்லை, உனக்கென்ன?"

லெசியேலி புகையில் இருமிக்கொண்டே மண்தரையில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் தட்டை நீட்டினாள்.

"ஊருக்கெல்லாம் யார் அத்தையோ எனக்குத் தெரியாது. எனக்கு நீங்கதானே? சாப்பிடுங்க."

கலோலைனே கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு தட்டை வாங்கினாள்.

"நீ சாப்பிட்டியாடி?"

"இல்லை அத்தை."

"ஞாயித்துக்கிழமையிலேருந்தா?"

"ஆமா."

"உக்காரு" என்று சொல்லி, பெரிய துண்டாகப் பிய்த்து முதலில் அவள் வாயில் வைத்தாள்.