பிளாஸ்க் யார் பக்கம்

1

இந்தக் கதை ஒரு தேநீர் பிளாஸ்கிலிருந்து வந்தது. ஒரு சமூகவியல் துறைக் கூட்டத்தில் நடந்ததாகக் கேள்விப்பட்டேன். சொன்னவர் யார் என்று எழுதினால் அவர் வேலைக்கு உலை வைத்ததாகிவிடும்.

முதல் தொடக்கம்: "மனிதன் சமூகத்தை ஆக்குகிறானா, சமூகம் மனிதனை ஆக்குகிறதா என்ற கேள்வி தொன்றுதொட்டு..."

(வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.)

இரண்டாம் தொடக்கம்: ஒரு விரிவுரையாளர். துறையில் தலைவருக்கு அடுத்தபடி எல்லோருக்கும் மூத்தவர். கூட்டங்களில் தேநீர் ஊற்றுவதும் அவர்தான். அவரை ஊற்றச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. கதவோர நாற்காலியில் இருப்பவர் ஊற்றுவது வழக்கம். மகளைப் பள்ளியில் விட்டுவிட்டுக் கடைசியாக ஓடி வருகிறவருக்கு அந்த நாற்காலிதான் மிஞ்சும். இன்று அடுத்த துறைத் தலைவர் யார் என்று முடிவு செய்கிறார்கள். முறைப்படி அவர்தான் ஆக வேண்டும். ஆனால் கோப்பையை நீட்டும் கை கையெழுத்தும் போடும் என்பது மற்றவர்களுக்குத் தோன்றவே இல்லையோ என்று அவருக்குச் சந்தேகம்.

(இந்த வரியில் இருந்தபோது என் மேசையில் தேநீர் இருந்தது. எப்போது வந்தது என்று கவனிக்கவில்லை. நல்ல சூடு.)

2

ஆகவே இன்று அவர் முதல் ஆளாக வந்து ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார்.

(மகள்? "அப்பா கொண்டுபோய் விட்டார்" என்றுதான் முதலில் எழுதினேன். அந்த அப்பா எப்படிச் சம்மதித்தார் என்று விளக்கவே இரண்டு பக்கம் ஆகும் போலிருந்தது. பள்ளிக்கு விடுமுறை விட்டுவிட்டேன்.)

கதவோரத்தில் மாட்டிக்கொண்டவர் புதிதாகச் சேர்ந்த ஆசிரியர். தனிமனிதச் சுதந்திரத்தில் ஆய்வுப் பட்டம் வாங்கியவர். எதிரில் இருந்த பிளாஸ்கைப் பார்த்தார். மெல்லப் பக்கத்தில் தள்ளினார். பக்கத்தவர் அடுத்தவருக்குத் தள்ளினார். அது மேசையை ஒரு வலம் வந்து விரிவுரையாளர் முன்னால் நின்றது.

"மேடம், இது உங்க பக்கம் இருக்கட்டுமே," என்றார் புதியவர்.

"கதவுகிட்ட இருக்கறவங்கதானே ஊத்தணும்?"

"அப்படி ரூல் ஒண்ணும் இல்லையே," என்றார் ஓய்வு பெறப்போகும் தலைவர். "யாருக்கு விருப்பமோ அவங்க ஊத்தலாம்."

எல்லோரும் விரிவுரையாளரின் விருப்பத்துக்காகக் காத்திருந்தார்கள்.

3

இங்கே எனக்குப் பேனா ஓடவில்லை.

அவர் எழுந்து பிளாஸ்கின் மூடியை... (அடித்துவிட்டேன்.)

அவர் பிளாஸ்கைத் தூக்கி ஜன்னல் வழியாக... (அப்படிப்பட்டவர் இல்லை. தவிர, ஜன்னலுக்குக் கம்பி வைத்துவிட்டேன்.)

முடிவு அ: ஊற்றுகிறார். "மேடத்துக்கு எதுக்கு வீண் தொந்தரவு" என்று அக்கறையோடு பேசி, பதவியை வேறொருவருக்குக் கொடுக்கிறார்கள்.

முடிவு ஆ: ஊற்றவில்லை. தேநீர் ஆறுகிறது. "இப்பவே இப்படின்னா, தலைவரானா எப்படி இருப்பாங்க?" பதவி அதே வேறொருவருக்கு.

"மூணாவதா ஒண்ணு இல்லையா சார்?" என்று விரிவுரையாளர் என்னையே கேட்டார்.

"யோசிக்கிறேன் மேடம்."

"யோசிங்க. அதுவரைக்கும் கையைக் கட்டிட்டு உக்காந்திருக்கேன். இதையாவது நானா செய்றேனே."

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அந்தப் பதவி அவருக்குக் கிடைக்க வேண்டும் என்று மனதார ஆசைப்பட்டேன். யோசித்ததில் தொண்டை வறண்டது. தாளிலிருந்து தலையைத் தூக்காமல், கோப்பை வழக்கமாக இருக்கும் இடத்துக்குக் கையை நீட்டினேன். இடம் காலியாக இருந்தது.

4

மனைவி பின்னால் நின்று இதுவரை எழுதியதைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"கடைசியில அவங்க ஊத்துனாங்களா, இல்லையா?"

"அதை வாசகர் கையில விட்டுட்டேன்."

"நல்லது. உங்க அடுத்த டீயையும் வாசகரே போடட்டும்," என்று செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அவள் கோபத்தில் சொன்னாளோ கிண்டலாகச் சொன்னாளோ, எனக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது. அதனால் புதியவரை எழுப்பி வேறு நாற்காலிக்கு அனுப்பிவிட்டேன்.

வாருங்கள், வாசகரே. கூட்டத்துக்குக் கடைசியாக வந்திருப்பவர் நீங்கள்தான்; கதவோர நாற்காலி காலியாக இருக்கிறது. பிளாஸ்கை உங்கள் பக்கம் தள்ளியிருக்கிறேன். விரிவுரையாளர் கையைக் கட்டியபடி உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.