முப்பத்தெட்டாவது பிடுங்கல்

அவள் எழுதிய மென்பொருள்தான் ஊரில் பாதி லிஃப்டுகளை ஓட்டியது. அது படுத்துவிட்டபோதெல்லாம் அவள் புருஷனைப் படியேற வைத்தது. இருவருக்கும் ஒரே கம்பெனி. அவள் ஏசி அறையில் நிரல் எழுதுபவள். அவன் கட்டடம் கட்டடமாகப் போய் லிஃப்ட் பழுது பார்ப்பவன்.

லிஃப்டின் மூளை மொட்டைமாடி அறையில் இருக்கும். டிபன் பாக்ஸ் அளவுப் பெட்டி, உள்ளே சின்னக் கம்ப்யூட்டர், அதை இயக்க லினக்ஸ் என்கிற இயங்குதளம். புது வர்ஷனை இணையம் வழியாக அனுப்புவார்கள். பெட்டி பழையதை அழித்துவிட்டு அதே இடத்தில் புதியதை எழுதும். நடுவில் கரெண்ட் போனால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. லிஃப்ட் நின்றுவிடும். அவன் மென்பொருள் ஏற்றிய மெமரி கார்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பதினான்கு மாடி ஏறி அதற்கு உயிர் கொடுக்க வேண்டும்.

ஒரே வாரத்தில் மூன்று முறை அப்படி ஏறிவிட்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஷூவைக்கூடக் கழற்றாமல் சோபாவில் விழுந்தான்.

"உன் அப்டேட்டைக் கொண்டுபோய்க் குப்பையில போடு."

"கரெண்ட் போனதுக்கு நான் என்னங்க பண்றது?"

"கரெண்ட்னா போகும்னு தெரியாதா? நீ எந்தக் கிரகத்துல இருந்து வந்தே?"

அவளுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அவன் சொன்னது சரி என்பதால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக வந்தது.

திங்கட்கிழமை பெட்டியின் நினைவகத்தை இரண்டு அறைகளாகப் பிரித்தாள். பழையது ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து அறையில் புதியது இறங்கும். முழுசாக இறங்கியதும், இனி எந்த அறையிலிருந்து கிளம்ப வேண்டும் என்று ஒரு சீட்டில் குறித்து வைக்கும். மூன்று முறை முயன்றும் புதியது எழுந்திருக்கவில்லை என்றால் பழைய அறைக்கே திரும்பிவிடும்.

மேனேஜர் உதட்டைப் பிதுக்கினார். "ஒரு லிஃப்டுக்கு எதுக்கும்மா ரெண்டு மென்பொருள்? பாதி இடம் சும்மா கிடக்குமே."

"உங்க கார்ல ஸ்டெப்னியும் சும்மாதானே சார் கிடக்குது?"

அவர் சிரிக்கவில்லை. ஆனால் கையெழுத்துப் போட்டார்.

சோதிக்க ஆள் தேடவே வேண்டியிருக்கவில்லை. புருஷனை மேஜை முன்னால் உட்காரவைத்து, "அப்டேட் ஆகும்போது எப்ப வேணும்னாலும் ப்ளக்கைப் பிடுங்குங்க" என்றாள்.

"நிஜமாவா?" கல்யாண போட்டோவில்கூட அவன் முகம் இப்படி மலர்ந்ததில்லை.

ஆரம்பத்தில் பிடுங்கினான். பாதியில் பிடுங்கினான். பிஸ்கட் தின்றுகொண்டே இடது கையால் பிடுங்கினான். முப்பத்தேழு முறையும் பெட்டி ஒன்றும் நடக்காததுபோல எழுந்து உட்கார்ந்தது. முப்பத்தெட்டாவது முறை பச்சை விளக்கு எரியவே இல்லை.

"போயிடுச்சு!" என்றான். துக்கம் விசாரிக்கிற குரல். முகத்தில் மட்டும் ஜெயித்த களை.

அவள் இரண்டு மணி நேரம் பெட்டியைக் குடைந்தாள். இரண்டு அறைகளும் சுத்தமாகத்தான் இருந்தன. சீட்டுதான் பாதி எழுதியபடி கிடந்தது. அதை எழுதிக்கொண்டிருந்த அந்த நொடியில் பிடுங்கியிருக்கிறான் மகராசன்.

"ரெண்டு வீட்டைக் கட்டிட்டு விலாசத்தை ஒரே சீட்டுல எழுதி வச்சிருக்கேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"அப்போ சீட்டையும் ரெண்டா வை."

இன்னொரு டீ சொல்லு என்பதுபோல அவன் சொன்னதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஆனாலும் அதையே செய்தாள். இரண்டு சீட்டு, ஒவ்வொன்றிலும் எது புதியது என்று காட்ட ஒரு வரிசை எண், முழுசாக எழுதப்பட்டதா என்று பார்க்க ஒரு சரிபார்ப்பு எண். ஒன்று கெட்டுப்போனால் மற்றதை நம்பு. மறுநாள் அவன் இருநூறு முறை பிடுங்கினான். கட்டைவிரலில் கொப்புளம் வந்ததுதான் மிச்சம்.

முதல் கட்டடத்துக்கு அனுப்பும் நாளில், குடியிருப்போர் சங்கச் செயலாளருக்குப் பெருமை காட்ட மேனேஜரே நேரில் போனார். லிஃப்டைத் தரைத்தளத்தில் கதவு திறந்தபடி நிறுத்தியிருந்தார்கள். காலை பதினொரு மணி. அவள் திரையில் அறுபது சதவீதம் வந்தபோது பெட்டியிடமிருந்து தகவல் வருவதே நின்றுபோனது. அந்தத் தெருவில் கரெண்ட் போய்விட்டது. நான்கு நிமிஷம் கழித்துப் பெட்டி எழுந்தது, பழைய வர்ஷனோடு, சமர்த்தாக.

உடனே மேனேஜரின் போன். "என்னம்மா, லிஃப்ட் எப்பவும்போலத்தான் ஓடுது! புது வர்ஷன்ல ஒரு மாற்றமும் தெரியலையே?"

"புதுசு இன்னும் வரவே இல்ல சார். நடுவுல கரெண்ட் போச்சுல்ல?"

"அப்போ எப்படி ஓடுது?"

அவள் பின்னால் நின்றிருந்த புருஷன், போனில் அவருக்கே கேட்கும்படி சிரித்துத் தொலைத்தான். அவள் போனைப் பொத்திக்கொண்டு அவனை முறைத்தாள். "லிஃப்டைக் கீழயே நிறுத்தி வைங்க சார், மறுபடி அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தினாள்.

இந்த முறை புதியது ஒன்பது நிமிஷத்தில் முழுசாக இறங்கியது.