திறக்க மறக்கிறவர்

பிளம்பருக்கு வெளியே நல்ல பெயர். வீட்டில் மட்டும் ‘மறதி மன்னன்’. காரணம் இல்லாமல் இல்லை. வீட்டுக் குழாயைப் பிரிக்கும் முன் மெயின் வால்வை மூடுவார், வேலையைக் கச்சிதமாக முடிப்பார், வால்வைத் திறக்காமலே கிளம்பிவிடுவார். ஒருமுறை தலை நிறைய ஷாம்புவோடு மனைவி போட்ட சத்தத்தில் பக்கத்து வீடே ஓடி வந்துவிட்டது.

அந்த மனைவிக்குத்தான் இப்போது, இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் பெரிய குழாய்க்குள் ஒரு கட்டி. கால் வீங்குகிறதே என்று போன இடத்தில் ஸ்கேன் சொன்னது.

“ரொம்ப அபூர்வம். ஸ்கேன்ல பார்த்தா புற்று மாதிரி தெரியல, சாதுவான கட்டிதான்,” என்றார் அறுவை சிகிச்சை செய்யவிருந்த டாக்டரம்மா. “ஆனா வளர விட்டா வழிய அடைச்சிடும். அந்த ரத்தக் குழாயை மேலயும் கீழயும் கொஞ்ச நேரம் மூடிட்டு, திறந்து எடுத்து, தைச்சிடுவோம்.”

முப்பது வருஷமாகப் பிளம்பர் செய்கிற வேலைதான் இது. எங்கெங்கே சொதப்பும் என்று அவருக்கல்லவா தெரியும்!

மனைவி முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டாள். “ஒண்ணே ஒண்ணு டாக்டர். இவர் மூடினா திறக்க மறந்துடுவார். நீங்களும் இவர் கட்சியில சேர்ந்துடாதீங்க.”

டாக்டரம்மா சிரித்துவிட்டார். பிளம்பர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவள் இல்லாத வீட்டை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

ஆபரேஷன் அன்று விடிந்ததும், அவள் திரும்பி வந்தால் குனியாமல் குளிக்கட்டும் என்று குளியலறைக் குழாயை உயர்த்தி மாட்டிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அதென்ன ‘வந்தால்’, வருவாள் என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

ஏழு மணி நேரம். டாக்டரம்மா வெளியே வந்து நேராக அவரிடம் நடந்தார்.

“கட்டி முழுசா வந்துடுச்சு. மூடினத எல்லாம் திறந்துட்டேன். ரெண்டு தடவ பார்த்தேன், போதுமா?”

பிளம்பர் கையெடுத்துக் கும்பிட்டார்.

மறுநாள் அவள் கண் திறந்ததும், குழாயை உயர்த்தி மாட்டியதை முதலில் சொன்னார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“குழாய் மாட்டினது சரி. மெயின் வால்வு?”

“அடச்சே!” தலையில் அடித்துக்கொண்டார்.

“திருந்தவே மாட்டீங்க,” என்றாள், கையை விடாமல். திட்டு வாங்குவதில் இவ்வளவு சுகம் இருக்கும் என்று பிளம்பருக்கு அன்றுதான் தெரிந்தது.