தீக்கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு சூரிய மின்நிலையம்

எங்கள் ஊர் சுகாதார நிலையத்தின் மண்ணெண்ணெய்க் குளிர்பெட்டியை எடுத்துப்போகத் தலைநகர் அபூஜாவிலிருந்து மூன்று வண்டிகள் வந்தன. ஒரு பெட்டிக்கு மூன்று வண்டி. தப்பாக எண்ணிவிட்டேனோ என்று இன்னொரு முறை எண்ணினேன். மூன்றுதான்.

ஐந்து மாதமாக ஓடிக்கொண்டிருக்கும் சூரிய மின்நிலையத்துக்கு மறுநாள் திறப்பு விழா. எண்ணெயால் பிழைத்த நாடு இனி வெயிலால் பிழைக்கும் என்று மின்துறை ஆணையர் பேசப்போகிறார். அவர் பேசும் ஊரில் மண்ணெண்ணெயில் ஓடும் பெட்டி இருந்தால் கௌரவக் குறைச்சலாம். குழந்தைகளுக்கு வியாழக்கிழமை போடவேண்டிய தடுப்பூசி மருந்து முழுவதும் அதற்குள்தான் இருந்தது. மருந்தை மின்சாரத்தில் ஓடும் புதுப்பெட்டிக்கு மாற்றவேண்டும் என்பது உத்தரவு.

அந்த மின்நிலையத்தில் மீட்டர் பார்த்து எழுதுவது என் வேலை. பெயர்ப்பலகையில் நாற்பது கிலோவாட் என்று போட்டிருக்கிறது. ஐந்து மாதத்தில் பதினான்கைத் தாண்டி நான் பார்த்ததில்லை. முதல் வாரம் என் கண்ணைச் சந்தேகப்பட்டேன், அடுத்த வாரம் மீட்டரை. மாலை வகுப்பு வாத்தியாரிடம் நோட்டைக் காட்டினேன். "மீட்டர் சரியாத்தான் இருக்கு. மேல ஏறிப் பாரு" என்றார். ஏறிச் சூரியத் தகட்டைத் தொட்டுப் பார்த்தேன். விரல் கறுப்பாயிற்று.

எண்ணெய்க் கிணற்று வாயுவை இரவும் பகலும் எரிக்கும் தீக்கம்பத்திலிருந்து முந்நூறு அடியில் நிலையத்தைக் கட்டியிருக்கிறார்கள். எங்கள் பெண்கள் மரவள்ளி மாவைப் பரப்பிக் காயவைப்பது அந்த அனலில்தான். அங்கே புல்கூட முளைக்காது என்பதால் ஊர்த் தலைவர் அந்த இடத்தை இலவசமாகக் கொடுத்தார். இடம் பார்க்க வந்தவர்களுக்கு ஒரே சந்தோஷம். மரநிழல் இல்லை, கட்டட நிழல் இல்லை. படிவத்தில் இந்த இரண்டுக்கும் கட்டம் இருந்தது, கரிக்குக் கட்டம் இல்லை. ஆகவே கரியும் இல்லை. விடியும்போது சோப்புத் தண்ணீர் போட்டுத் தகடுகளைத் துடைப்பேன். மதியத்துக்குள் மறுபடி மை பூசினாற்போல் ஆகிவிடும்.

கிடைக்கிற கொஞ்ச மின்சாரத்தையும் முப்பது தெருவிளக்குகள் குடிக்கின்றன. நான் பிறந்த நாளிலிருந்து எங்கள் ஊரில் இருட்டு என்பதே கிடையாது. தீக்கம்பத்தின் வெளிச்சத்தில் ஊசியில் நூல் கோக்கலாம். விளக்குகள் வேண்டும் என்று யார் கேட்டார்கள் என்று விசாரித்துப் பார்த்தேன். ஒருவரும் கேட்கவில்லை.

வண்டியில் வந்த இஞ்சினியர் பபாலோலா சுகாதார நிலையத்தில் என்னிடம் படிவத்தை நீட்டினார். வெள்ளை அங்கி, வெள்ளைச் செருப்பு. மேலதிகாரி என்றால் எங்கள் ஊரில் 'ஓகா'. இருபத்துநான்கு மணி நேரமும் மின்சாரம் தடையின்றி வருகிறது என்று மீட்டர் பார்ப்பவர் கையெழுத்துப் போட்டால்தான் பழைய பெட்டியைத் தூக்க முடியும்.

"ம், போடு."

"ஓகா, ராத்திரி ஒன்பது மணிக்கு மேல பேட்டரி நிக்கறதில்ல. நோட்டுல எழுதி வெச்சிருக்கேன், பாருங்க."

அவர் நோட்டைத் தொடவில்லை. "நீ எங்க படிச்ச?"

"படிச்சிட்டிருக்கேன். மாலை வகுப்பு."

"மாலை வகுப்பா!" தன்னுடன் வந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார். "சூரியன் போனப்புறம் படிக்கிறவகிட்ட சூரிய மின்சாரத்தக் குடுத்தா இப்படித்தான்." கூட வந்தவர்கள் சிரித்தார்கள். சம்பளம் வாங்குகிறவர்கள், சிரிக்கத்தானே வேண்டும்.

நர்ஸ் ஒனோமே பழைய பெட்டிமேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். "ஏன் ஓகா, உங்க வீட்டுச் சாப்பாட்ட இந்தக் கரண்ட்ட நம்பி வெப்பீங்களா?"

"தாராளமா வெப்பேன், மேடம்."

ஐந்து மாதமும் நான் தப்பாகவே படித்திருந்தால்? வாத்தியாரும் தப்பாக இருந்தால்? ஆனால் தப்பு என்னுடையதாக இருந்தால் போவது என் வேலை. அவருடையதாக இருந்தால் கெடுவது மருந்து.

"நான் சொல்றது தப்பா இருக்கலாம், ஓகா" என்றேன். "அதனால மருந்து இன்னைக்கு எங்க இருக்கோ அங்கயே இருக்கட்டும். புதுப்பெட்டில வேற ஏதாவது வெச்சுப் பாப்போம். காலைல நல்லா இருந்தா நானே கையெழுத்துப் போடறேன்."

"வேற ஏதாவது என்ன? நாளைக்கு ஆணையர் சாப்பிடப்போற மீனும் ஆட்டுக்கறியும் வண்டில இருக்கு. அதையே வெக்கறேன். அப்பவாவது உனக்குப் புத்தி வரட்டும்."

சாயங்காலம் ஐந்து மணிக்கு இரண்டு சமையல்காரர்கள் புதுப்பெட்டியை நிரப்பினார்கள். ஒரு மீன்வால் கதவில் மாட்டிக்கொண்டது. அதை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். நான் நேரத்தை எழுதிக்கொண்டேன்.

காலை பத்து மணிக்கு இஞ்சினியரே கதவைத் திறந்தார். திறந்த வேகத்தில் சாத்தினார். அதற்குள் வாசலில் நின்ற ஓட்டுநர்வரை நாற்றம் போய்விட்டது. மீட்டர் தானாகப் பதிந்திருந்த நேரத்தை வாசித்தேன்: மின்சாரம் நின்றது இரவு எட்டு நாற்பது. ஒன்பது என்று நான் சொன்னது இருபது நிமிடம் பிசகு.

"தகட்ட ஒழுங்காத் தொடச்சிருக்க மாட்ட" என்றார், அங்கி நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டு.

"வாங்க ஓகா, மேல ஏறித் தொட்டுப் பாருங்க" என்றார் நர்ஸ். "வெள்ளத் துணிதானே, நல்லாவே தெரியும்."

அவர் ஏறவில்லை. பெட்டி தூக்க வந்த இரண்டு பேரும் பழைய பெட்டியைப் பார்த்தார்கள், புதியதைப் பார்த்தார்கள். "இத எடுத்துட்டா மருந்த எதுல வெப்பாங்க, ஓகா?" என்று ஒருவன் கேட்டான். எந்தப் படிவத்திலும் இல்லாத கேள்வி. இஞ்சினியர் போய் வண்டியில் உட்கார்ந்தார். பழைய பெட்டி இருந்த இடத்திலேயே இருந்தது.

விழா நடந்தது. நகரத்திலிருந்து அவசரமாக வரவழைத்த கோழியை ஆணையர் சாப்பிட்டார். அவர் நாடாவை வெட்டும் படத்தில் பின்னால் தீக்கம்பம் கொழுந்துவிட்டு எரிகிறது. யாருக்கும் அது உறுத்தவில்லை. மாலைக்குள் என்னை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். தலைவரின் மருமகன் இப்போது அந்த நோட்டில் தினமும் நாற்பது என்று எழுதுகிறான். மீட்டர் பக்கம் அவன் போவதில்லை. கை சுத்தமாக இருக்கிறது.

வியாழக்கிழமை நர்ஸுக்கு உதவியாக வாசலில் உட்கார்ந்து பெயர் எழுதினேன். நாற்பத்தாறு குழந்தைகள். எல்லோருக்கும் ஊசி போட்டாயிற்று. ஒன்று விடாமல் எல்லாம் அழுதன.