மலைவேம்பு என்று நான் எழுதிய மரம்

மரம் வெட்ட அனுமதிச் சீட்டு எழுதுவதுதான் நகராட்சியில் எனக்கு வேலை. இலை, பூ, பட்டை பார்த்து இன்ன மரம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். வெளியிலிருந்து வந்த மலைவேம்பு என்றால் வெட்டலாம். எங்கள் பராகுவே மண்ணில் பிறந்த, ரோஸ் நிறத்தில் பூக்கும் லப்பாச்சோ என்றால் தொடக்கூடாது. கட்சிக்காரர்களிடம் சொல்லி இந்த வேலையை வாங்கித் தந்தவன் என் மனைவியின் அண்ணன் கிறிஸ்புலோ. அதை அவன் ஒருநாளும் மறக்க விட்டதில்லை.

ஜூலையில் கூப்பிட்டான். லாரிக்குக் கொட்டகை போட வேண்டுமாம். அவன் பக்கத்து வீட்டு மூதாட்டி தோன்யா தியோலிந்தாவின் மரம் இடைஞ்சலாம். அவர் கண்புரை ஆபரேஷனுக்காகத் தலைநகரில் மகள் வீட்டில் இருந்தார். ஜூலை எங்களுக்குக் குளிர்காலம், மரம் மொட்டையாக நின்றது. உதிர்ந்த இலையையாவது பார்க்கலாம் என்றால் முற்றம் துடைத்து வைத்ததுபோல் கிடந்தது.

"யாரு பெருக்கினது?"

"நான்தான் மச்சான். பாவம், வயசானவங்க, ஊர்ல வேற இல்ல."

சாப்பிட்ட தட்டைக்கூட நகர்த்தாதவன் சொல்கிறான்.

பட்டை நெடுக ஆழமாக வெடித்திருந்தது. மலைவேம்பாக இருந்தால் இலை உதிர்ந்த பிறகும் மஞ்சள் காய்கள் கொத்தாகத் தொங்கும். இதில் ஒன்றுகூட இல்லை. வேலியோரம் ஒரே ஓர் இலை துடைப்பத்துக்குத் தப்பியிருந்தது. ஒரே காம்பில், விரித்த கை மாதிரி ஐந்து விரல். லப்பாச்சோவேதான். பார்த்துவிட்டு, அதன்மேல் காலை வைத்துக்கொண்டேன்.

"மலைவேம்புதானே?"

"அப்படித்தான் தெரியுது."

"தெரியுதாவது! எழுது மச்சான். உனக்கு இந்த வேலை யாரால..."

"சரி விடு. எழுதறேன்."

மறுநாள் அறுத்தார்கள். ரம்பத்தின் சங்கிலி இரண்டு முறை மழுங்கிப்போனது. மலைவேம்பு அப்படிப் படுத்தாது. கனம் தாங்காமல், கிளைகளோடு அப்படியே தெருவோரம் புரட்டிப் போட்டுவிட்டுப் போனார்கள்.

ஆகஸ்டில் தோன்யா திரும்பினார். சண்டைக்கு வருவார் என்று காத்திருந்தேன். அவரோ மாத்தே இலைத் தேநீர் குடிக்கக் கூப்பிட்டார். ஒரே குடுக்கை, ஒரே குழல். அவர் குடித்து, வெந்நீர் நிரப்பி நீட்டுவார். நான் குடித்துத் திருப்பித் தருவேன். வேண்டியவர்களோடு மட்டும்தான் எங்கள் ஊரில் இப்படி மாற்றி மாற்றிக் குடிப்போம்.

"நீ பாத்துதான் மலைவேம்புன்னு எழுதினியாமே, தம்பி?"

"ஆமா, தோன்யா."

"நான் என்னடான்னா லப்பாச்சோன்னு ஊரெல்லாம் பெருமை பேசிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன். பூ ரோஸாத்தான் தெரிஞ்சுது. புரை இருந்தா நிறம் மாறித் தெரியும்னு டாக்டர் சொன்னாரு. எத்தனை பேரு முதுகுக்குப் பின்னால சிரிச்சாங்களோ."

என்னைச் சந்தேகப்படவே இல்லை. தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வெட்கமாக இருந்தது. அவர் நீட்டிய குடுக்கையை வாங்கி, உறிஞ்சிக் குடித்தேன்.

பத்து நாள் கழித்து மறுபடி கூப்பிட்டார். தெருவைப் பார்த்து நாற்காலி போட்டிருந்தார். போன உடனே முதல் குடுக்கையை எனக்குத்தான் நீட்டினார். குடித்துவிட்டு நிமிர்ந்தேன். தெருவோரம் வெட்டிப் போட்ட மரம், தண்டில் மிச்சமிருந்த ஈரத்தில், படுத்தபடியே பூத்திருந்தது. ஓர் இலை இல்லை, கிளைக்குக் கிளை பூ.

"புரையெல்லாம் எடுத்தாச்சுன்னு சொன்னாங்க. இன்னும் அப்படியேதான் தெரியுது. பயமா இருக்கு தம்பி. அது என்ன நிறம்? நீ மரம் பாக்கறவன், நீ சொன்னா நம்பறேன்."

"ரோஸ்தான் தோன்யா. லப்பாச்சோதான். உங்க கண்ணுல ஒரு குறையும் இல்ல. எனக்கு அன்னிக்கே தெரியும்."

அவர் வெகுநேரம் பூவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தான் ஒரு குடுக்கை குடித்தார். மறுபடி வெந்நீர் ஊற்றினார். என் முறை. கையை நீட்டினேன்.

அதையும் அவரே குடித்தார்.