கேரளா டூரில் விடுபட்ட ஆள்

திரௌபதி அந்த டூருக்குக் கிளம்பியது கடலைப் பார்க்க அல்ல. சகாயம் போகிறார், அதனால் கிளம்பினாள். "அந்த ஆளு போயி ஊரு சுத்திட்டு வருவாரு, நான் வூட்டுல ஒக்காந்திருக்கணுமா?" என்று கணவன் பழமலையிடம் கேட்டாள். அவன் பையில் ரெண்டு புடவையை மடித்து வைத்துக் கொடுத்தான்.

2003 பொங்கல் முடிந்த வாரம். விருத்தாசலம் செராமிக் பேட்டையில் ஃபியூஸ் கட்டை செய்கிற கம்பெனி ஒன்று ஆரம்பித்து இருபத்தைந்து வருஷம் ஆகியிருந்தது. பத்து வருஷத்துக்கு மேல் வேலை செய்தவர்களை முதலாளி நாலு நாள் கேரளக் கடற்கரைக்கு அனுப்பினார். பதினெட்டுப் பேர், ஒரு வேன், ஜஸ்டின் என்ற கைடு. சகாயம் அங்கே சூப்பர்வைசர்.

பதினாலு மாதத்துக்கு முன்பு வரை திரௌபதி பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தாள். மண்ணை அச்சில் போட்டு, மேலே இருக்கும் கனத்த இரும்பைக் கீழே இறக்கி, ஸ்ப்ரிங் அதைத் திரும்பத் தூக்கும்போது கட்டையை எடுக்க வேண்டும். ஸ்ப்ரிங் தளர்ந்து தொங்குகிறது என்று மூன்று தடவை சகாயத்திடம் சொன்னாள். "ரெண்டு நாள்ல ஆளு வருவான், ஓட்டும்மா" என்றார். மூன்றாம் நாள் இரும்பு தானாக இறங்கியது. வலது கையில் ஆள்காட்டி விரலும் நடு விரலும் போயின. பக்கத்து ஆளிடம் பேசிக்கொண்டே வேலை செய்ததால், கவனக்குறைவால் நேர்ந்த விபத்து என்று சகாயம் எழுதிக் கொடுத்தார். அந்தப் பக்கத்து ஆள் வீராயி. வீராயியை யாரும் கேட்கவில்லை, அவளாகவும் வாயைத் திறக்கவில்லை. திரௌபதியைப் பிரஸ்ஸிலிருந்து எடுத்து, சூளையிலிருந்து வரும் கட்டைகளில் விரிசல் பார்க்கிற வேலைக்குப் போட்டார்கள்.

வேனில் கடைசி வரிசையில் திரௌபதியும் வீராயியும். அவர்களுக்கு நேர் முன்னால், ஜன்னலோரத்தில், சகாயம்; அவர் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

ஜஸ்டின் கிளம்பும்போதே ஒரு ஏற்பாடு செய்தான். "நடுவுல பூரா பை கெடக்குது, நான் ஒவ்வொரு தடவையும் உள்ள வந்து தலைய எண்ண முடியாதுங்க. அவங்கவங்க முன்சீட்டு ஆளு வந்துட்டாங்களான்னு பாத்துச் சொல்லிடுங்க. நான் பேரு கூப்புடுவேன்." பிறகு பட்டியலைப் பார்த்தான். "சகாயம் சாருக்கு... திரௌபதியக்கா, நீங்க."

வேனில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜஸ்டினுக்கு மட்டும்தான் ஒன்றும் தெரியாது.

முதல் நிறுத்தத்தில் அவன் கூப்பிட்டான். "சகாயம் சார் வந்துட்டாங்களா?"

"ஒக்காந்துக்கினு இருக்குது" என்றாள் திரௌபதி.

ஆடு மாடு ஒன்றைச் சொல்வதுபோல அவள் சொன்னதைக் கேட்டு நாலைந்து பேர் சிரித்தார்கள். சகாயம் திரும்பவில்லை. அவர் காது மட்டும் சிவந்தது. அடுத்தடுத்த நிறுத்தங்களிலும் "இருக்குது", "வந்துடிச்சி" என்றே சொன்னாள். சிரிப்பு கூடிக்கொண்டே போயிற்று.

அதற்குச் சகாயம் கன்னியாகுமரியில் மத்தியானச் சாப்பாட்டின்போது பதில் கொடுத்தார். பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, ஓட்டல் முழுக்கக் கேட்கும்படி, "அந்தம்மாவுக்கு ஒரு ஸ்பூனு குடுப்பா, கையால பெசஞ்சி சாப்புட வராது" என்றார். குரலில் அத்தனை கரிசனம். பரிமாறுகிறவர் ஸ்பூனோடு வந்து அவள் கையை உற்றுப் பார்த்தார். பக்கத்து மேசைக்காரர்களும் பார்த்தார்கள். திரௌபதி மூன்று விரலால் சோற்றை அள்ளி அள்ளி வாயில் போட்டு, இலையைத் துடைத்தாற்போல ஆக்கிவிட்டுத்தான் எழுந்தாள். ருசி எதுவும் அவளுக்குத் தெரியவில்லை.

இரண்டாம் நாள் கோவளத்தைத் தாண்டியதும் ஊர்களின் நிறமே மாறியது. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் காயல், நடுவில் ஒற்றை ரோடு. தென்னை ரெண்டு பக்கமும் தண்ணீரை நோக்கிச் சாய்ந்திருந்தது. தேங்காய் மட்டையை ஊறப்போட்டிருந்த குட்டைகளிலிருந்து நாற்றம் வந்தது. ஜஸ்டின் டிரைவர் பக்கத்தில் நின்றபடி சொல்லிக்கொண்டே வந்தான். "ஒரு வேனு அகலத்துக்குத்தான் இங்க பூமி. ரெண்டு மணிக்குக் கொல்லத்துல, காயல சுத்திக் காட்டுற போட்டுல ஏறணும். அத வுட்டா நமக்கு வேற போட்டு கெடையாது. எறங்குற எடத்துல யாரும் லேட் பண்ணாதீங்க."

கலங்கரை விளக்கம் இருந்த ஒரு மீனவர் ஊரில் அரை மணி நேரம் நிறுத்தினார்கள். எல்லாரும் கடற்கரைக்குப் போனார்கள். சகாயம் தனியாக அங்கிருந்த பழைய மாதா கோயிலுக்குள் போனதைத் திரௌபதி பார்த்தாள்.

திரும்பி வந்து ஏறியபோது முன்சீட்டு காலியாக இருந்தது. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். ஜஸ்டின் வாசல் படியில் நின்று வேகமாகப் பெயர்களைப் படித்தான். ஒவ்வொருவராகச் சொல்லி முடித்தார்கள்.

"சகாயம் சார்?"

காலிச் சீட்டின் மேல் வெயில் விழுந்திருந்தது. திரௌபதி அதைப் பார்த்தாள்.

"வந்தாச்சி" என்றாள்.

வீராயியின் கை அவள் தொடையில் அழுந்தியது. திரௌபதி திரும்பி அவளை முறைத்தாள். வீராயி கையை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வேன் கிளம்பியது.

முதல் பத்து நிமிஷம் திரௌபதிக்கு அப்படி ஒரு சந்தோஷம். கோயிலை விட்டு வெளியே வந்து, வேன் நின்ற இடத்தில் வெறும் மண்ணைப் பார்த்து அந்த ஆள் நிற்பதை நினைத்து நினைத்துப் பார்த்தாள். பாஷை தெரியாது. செல்போன் கிடையாது. நிக்கட்டும்.

பிறகு ஒரு வளைவில் வேன் சாய்ந்தபோது மேல்தட்டிலிருந்த சகாயத்தின் பை சரிந்து அவள் மடியில் விழுந்தது. ஜிப் பாதி திறந்திருந்தது. உள்ளே பர்ஸ். அதற்குப் பக்கத்தில் சர்க்கரை மாத்திரை அட்டைகள், ரப்பர் பேண்ட் போட்டு. பையைத் திரும்ப மேலே வைக்கத் தோன்றவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சகாயம் ஏறவில்லை என்று தானாகச் சொல்லியிருப்பாளா, மாட்டாளா என்று பின்னால் பல தடவை தன்னையே கேட்டுப் பார்த்திருக்கிறாள். தெரியவில்லை. ஏனென்றால் அதற்குள் போட்டுக்கான டிக்கெட்டைக் கொடுத்துக்கொண்டே ஜஸ்டின் பைகளைத் தாண்டிக் கடைசி வரிசைக்கு வந்துவிட்டான்.

காலிச் சீட்டைப் பார்த்தான். அவள் மடியிலிருந்த பையைப் பார்த்தான்.

"அக்கா, சாரு எங்க?"

அவள் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். ஜஸ்டினின் முகம் வெளிறிப்போயிற்று. "வண்டிய திருப்புங்கண்ணே!" என்று கத்தினான்.

வேனில் கூச்சல் எழுந்தது. "போட்டு போயிடும்பா!" "அந்தாளு பஸ்ஸு புடிச்சி வரட்டும், என்னா இப்ப?" "திருப்பாதீங்க, ஒருத்தருக்காவ பதினேழு பேரு ஏமாறணுமா?" சகாயத்துக்காக ஒரு குரல் எழவில்லை. ஜஸ்டின் யாரையும் கேட்கவில்லை. திரும்பிப் போகும் வழி முழுக்கச் செல்போனில் தன் முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். "ஆமாங்கண்ணே... இல்லங்கண்ணே... என் தப்புதாங்கண்ணே" என்று அவன் சொன்னது கடைசி வரிசைவரை கேட்டது.

சகாயம் ரோட்டிலேயே அகப்பட்டார். வேன் போன திசையில் மூன்று கிலோமீட்டர் நடந்து வந்திருந்தார். ஒரு செருப்பு அறுந்து கையில் இருந்தது. மீன்கூடைக்காரம்மா ஒருத்தி அவரைத் தென்னை நிழலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். சட்டை முழுக்க வேர்வை. ஏறி உட்கார்ந்ததும் திரௌபதி பையை நீட்டினாள். பிடுங்கிக்கொண்டார்.

மாத்திரை போட்டு, யாரோ கொடுத்த பிஸ்கட்டைத் தின்று, மூச்சு சீரானதும் அவர் பேசியது ஜஸ்டினிடம்தான்.

"நீயெல்லாம் ஒரு கைடாய்யா? ஆளு இருக்கானா செத்தானான்னு பாக்காம வண்டிய எடுத்துடுவியா? ஒம் முதலாளிக்கும் எழுதறேன், எங்க முதலாளிக்கும் எழுதறேன். இனிமே நீ எந்த வண்டியிலயும் ஏறக் கூடாது." சட்டைப்பையிலிருந்து குட்டி நோட்டை எடுத்தார். எழுதிக்கொண்டே சத்தமாகப் படித்தார். "கைடு ஜஸ்டினின் கவனக்குறைவால்..."

ஜஸ்டின் தலையைக் குனிந்து நின்றான்.

திரௌபதி எழுந்தாள். "அத அடிங்க" என்றாள்.

சகாயம் நிமிர்ந்தார்.

"அவன் எம் பேச்ச நம்பி எடுத்தான். நான்தான் வந்தாச்சின்னேன். சீட்டு காலியா இருந்தத ரெண்டு கண்ணாலயும் பாத்துட்டுத்தான் சொன்னேன். யார் கவனக்குறைவும் இல்ல. நான் நல்லா கவனமாத்தான் செஞ்சேன். அப்புடியே எழுதுங்க."

சகாயத்தின் பேனா நோட்டின் மேல் நின்றது. "சர்க்கரைக்காரன நடுரோட்டுல வுட்டுட்டு வந்தியா நீ? நான் உழுந்து செத்திருந்தா?"

"செத்திருந்தா எங் கவனக்குறைவுன்னு எவனாவது எழுதியிருப்பான்" என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே உடம்பு சிலிர்த்தது.

அப்போதுதான் வீராயி பேசினாள், ஜன்னலைப் பார்த்தபடியே. "சீட்டு காலியா இருந்தத நானும் பாத்தேன். அன்னிக்கு ஸ்ப்ரிங்கு தொங்கினதயும் பாத்தேன். அவ எங்கிட்ட ஒரு வார்த்த பேசல. மாஞ்சி மாஞ்சி வேல செஞ்சிக்கினு இருந்தா."

"ரெண்டு பேரும் சேந்து திட்டம் போட்டிருக்கீங்க" என்றார் சகாயம். ஜஸ்டினின் பெயரை அடித்துவிட்டு இவர்கள் பெயரை எழுதினார்.

கொல்லத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது போட்டு போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. மிச்ச நாட்களில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. ஆலப்புழையில் காயல் கண்ணாடி மாதிரி கிடந்தது, வாத்துக் கூட்டங்கள் போயின, வீட்டு வாசல்களிலேயே வள்ளம் என்கிற சின்னப் படகுகள் கட்டியிருந்தன. ஜஸ்டின் ஊர்ப் பெயர்களை மட்டும் சொன்னான். போட்டை விட்டுவிட்ட ஆத்திரத்தில் திரௌபதிக்கும் வீராயிக்கும் டீ வாங்கிக் கொடுக்கக்கூட ஆள் இல்லை.

ஊர் வந்ததும் சகாயம் எழுதியதைக் கொடுத்தார். முதலாளி மூன்று பேரையும் கூப்பிட்டு நிற்க வைத்து விசாரித்தார். வீராயி வேனில் சொன்னதையே அங்கேயும் சொன்னாள், ஒரு சொல் மாறாமல். திரௌபதியை ஒரு வாரம் வேலைக்கு வர வேண்டாம் என்றார் முதலாளி. பழைய விபத்தைப் பற்றி அவர் வாயால் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரமே நாலு பிரஸ்ஸிலும் ஸ்ப்ரிங் மாற்றினார்கள். சகாயம் சூப்பர்வைசராகவே இருந்தார். விரிசல் பார்க்கும் கொட்டகைப் பக்கம் அதற்குப் பிறகு அவர் வருவதில்லை. வழியில் எதிர்ப்பட்டால் இருவரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனார்கள்.

மாசி மகத்துக்கு முந்தின வாரம் விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் ஜஸ்டினைப் பார்த்தாள் திரௌபதி. வேளாங்கண்ணி போகும் வேன் ஒன்றின் பக்கத்தில் நின்று நோட்டில் பெயர் எழுதிக்கொண்டிருந்தான். வேலை போகவில்லை என்று தெரிந்ததும் அவளுக்கு நிம்மதியாக இருந்தது. பக்கத்தில் போனாள்.

"தம்பி, நல்லா இருக்கியா? அன்னிக்கு உன்ன மாட்டி வுட்டுட்டேன். மனசுல வச்சிக்காத."

ஜஸ்டின் நோட்டை மூடினான். "அந்தாளு உங்களுக்கு என்னா செஞ்சாருன்னு பின்னாடி டிரைவரு சொன்னாரு. எழுந்து நின்னு உண்மையச் சொன்னீங்க, அதுவும் சரி. ஆனா நீங்க அத என் வண்டியில செஞ்சிருக்கக் கூடாதுக்கா. ஒரு உசுரு போயிருந்தா நான் என்னா சொல்லிக்கினு திரிவேன்? என் வண்டியில இனிமே நீங்க ஏறாதீங்க."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு உறைத்தது. ஸ்பூன் வந்தபோது பொங்கியது மாதிரி எதுவும் உள்ளே பொங்கவில்லை.

"சரிப்பா" என்றாள். "நீ சொல்றது சரி."

அவள் வீட்டுக்குப் போகும் பெண்ணாடம் பஸ் நகர ஆரம்பித்திருந்தது. ஓடிப்போய் இடது கையால் கம்பியைப் பிடித்து ஏறிக்கொண்டாள்.