கொக்குமூக்கும் பதினேழாம் எண் முத்திரையும்

நான் குத்தாத பெட்டியில் என் முத்திரை இருந்தது. பதினேழு என்ற எண், சுற்றிலும் ஒரு வட்டம்; நான் சோதித்துச் சரி என்றதற்கு அடையாளம். அந்த முத்திரை என் மேஜை இழுப்பறையில் பூட்டிக் கிடக்கிறது, சாவி என் கழுத்துச் சங்கிலியில் தொங்குகிறது. அப்படியிருக்க, அனுப்புவதற்கு அடுக்கியிருந்த பன்னிரண்டு பெட்டிகளிலும் பளிச்சென்று பதினேழு. ஒன்றைத் தூக்கிக்கொண்டு நேராக அண்ணன் அறைக்குப் போனேன்.

எங்களுடையது போட்டித் துப்பாக்கிகளுக்குக் குண்டு செய்கிற பட்டறை. ஆயிரம் மீட்டர் தள்ளி நிற்கும் இலக்கைச் சுடுகிறவர்கள்தான் எங்கள் வாடிக்கையாளர்கள். செம்பு உறை, உள்ளே ஈயம், மூக்கில் ஓர் அலுமினிய முனை. முன்பு பிளாஸ்டிக் முனைதான் வைத்துக்கொண்டிருந்தோம். பறக்கிற வேகத்தில் காற்று உரசி அது இளகுகிறது என்று தெரிந்ததும், அண்ணன் இரண்டு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு இந்த உலோக முனையை வரைந்தான். பட்டறையில் அதற்குக் கொக்குமூக்கு என்று பெயர். அழகான மூக்கு, அதை நான் மறுக்கவே மாட்டேன். வரைவதும் கடைவதும் அவன் வேலை. அளந்து பார்த்துச் சரி, இல்லை என்று சொல்வது என் வேலை. எனக்கும் பட்டறையில் ஒரு பெயர் உண்டு, கறார் அக்கா. எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"இது யார் குத்தினது?"

அண்ணன் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான்தான். நீ மூணு நாளா இழுத்தடிக்கிற. நாளைக்குக் காலையில துப்பாக்கி அணிப் பயிற்சியாளர் சுட்டுப் பாக்கப் போறார். இந்த வருஷம் அவர் அணி முழுக்க நம்ம குண்டுன்னு ஆகணும்."

"முத்திரை எங்கிட்ட இருக்கு."

"இன்னொண்ணு செஞ்சேன். அரை மணி நேர வேலை, பாப்பா."

எனக்கு வயது நாற்பத்திரண்டு. இவன் ஏதாவது தப்புச் செய்தால்தான் நான் இவனுக்குப் பாப்பா.

மூன்று நாள் நான் சும்மா இழுத்தடிக்கவில்லை. முனைக்கு அடியில் ஒரு காம்பு உண்டு. அது குண்டுக்குள் போய்விடும், வெளியே தெரியாது. இந்தத் தடவை பாதி முனைகளுக்குக் காம்பு மயிரிழை நீண்டுவிட்டது. நீண்டால் எடை கூடும். அண்ணன் என்ன செய்தான் தெரியுமா? எடை கூடிய முனைக்கு எடை குறைந்த குண்டு உடலாகத் தேடித் தேடிச் சேர்த்தான். தராசில் போட்டால் அத்தனையும் ஒரே எடை. பூசி மெழுகுவதில் அவனை அடிக்க ஆளில்லை. ஆனால் நான் தராசோடு விடுகிறவள் இல்லை. கத்தி விளிம்பின் மேல் ஆடுகிற சின்னத் தொட்டில் ஒன்று வைத்திருக்கிறேன். நல்ல குண்டை அதில் படுக்கவைத்தால் ஆடாமல் நிற்கும். இவற்றில் பாதி மூக்குப் பக்கம் சாய்ந்தன.

"நூறு மீட்டர்ல சுட்டுப் பாத்தாச்சு. எல்லாம் ஒரே ஓட்டையில போகுது" என்றான்.

"நூறு மீட்டர்ல எதுதான் போகாது? ஆயிரத்துல சுட்டியா?"

"உனக்கு எதைப் பாத்தாலும் குத்தம்தான். நாளைக்கு நீ வர வேண்டாம், நான் பாத்துக்கறேன்."

"வருவேன். என் நம்பர் போகுதுல்ல, கூட நானும் போகணும்" என்றேன்.

மறுநாள் காலை ஆயிரம் மீட்டர் சுடுதளத்தில் துளிக் காற்று இல்லை. காற்றைக் காட்டும் கொடிகள் துவண்டு தொங்கின. பயிற்சியாளர் குட்டையான மனிதர், பேச்சும் குட்டை. அணியின் நெட்டைப் பெண் பாயை விரித்துத் துப்பாக்கியோடு குப்புறப் படுத்திருந்தாள். பயிற்சியாளர் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். "பதினேழு யாரு?"

"என் தங்கச்சிதான் சார். கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பாக்கறவ" என்றான் அண்ணன்.

"நம்பர் என்னுது. குத்தினது நான் இல்ல" என்றேன்.

பயிற்சியாளர் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க ஏன் குத்தல?"

பையிலிருந்து தொட்டிலை எடுத்து மேஜையில் வைத்தேன். அவர் கையாலேயே பெட்டியைப் பிரிக்கச் சொன்னேன். ஆடாமல் நின்றவற்றில் பத்து, சாய்ந்தவற்றில் பத்து என்று இரண்டு கிண்ணங்களில் பிரித்தேன். எங்கள் பட்டறையின் ஒரு வருட வேலையை நானே போட்டு உடைக்கிறேன் என்று எனக்குத் தெரியாமலா இருந்தது? ஆனாலும் நிறுத்தவில்லை. பயிற்சியாளர் உள்ளே போய் அவரே தோட்டாக்களில் பொருத்திக்கொண்டு வந்தார். அந்தப் பெண்ணிடம் எதுவும் சொல்லவில்லை.

முதலில் சுட்டவை ஆடாமல் நின்ற பத்து; பத்தும் இலக்கைக் காட்டும் திரையில் ஓர் உள்ளங்கைக்குள் விழுந்தன. அண்ணன் என் பக்கம் திரும்பிப் புருவத்தை உயர்த்தினான். அடுத்த பத்தில் முதலாவது மேலே போனது. இரண்டாவது கீழே. ஐந்தாவது குண்டு வளையங்களையே விட்டு வெளியே போனது. அந்தப் பெண் மூச்சை இழுத்துவிட்டாள், தோளைச் சரிசெய்தாள், கன்னத்தை மறுபடி அழுத்திவைத்தாள். பத்து முடிந்ததும் பயிற்சியாளரைத் திரும்பிப் பார்த்தாள்.

"கொடி அசையவே இல்லையே சார். நான் எதை மாத்திப் பண்றேன்?"

அதுவரை என் நம்பருக்காகத்தான் எனக்குக் கோபம். இப்போது இவளுக்காக. இவன் பூசி மெழுகியதற்கு இவள் தன் தோளையும் மூச்சையும் குறை சொல்லிக்கொண்டிருக்கிறாள். போட்டியிலும் இப்படியே தோற்று, ராத்திரியெல்லாம் தன்னையே நொந்துகொண்டிருப்பாள்.

"நீங்க எதையும் மாத்தலம்மா. தப்பு எங்க குண்டுல" என்றேன்.

பயிற்சியாளர் பெட்டியை மூடி அண்ணன் பக்கம் தள்ளினார். "எடுத்துட்டுப் போங்க. சரியா செஞ்சு கொண்டுவந்தா சுட்டுப் பாக்கறேன். வாங்கறேன்னு சொல்லல."

வண்டியில் பாதி வழியில் அண்ணன் சொன்னான். "கூடப் பொறந்தவளே காலை வாரிட்டா, வெளியாளை என்ன சொல்றது? நாளையிலேர்ந்து வேலைக்கு வராத."

"வருவேன். நாளைக்கும் வருவேன், நாளன்னிக்கும் வருவேன். காம்பு நீண்டா திருப்பி அனுப்புவேன். உன்னால ஆனதைப் பாத்துக்கோ."

பட்டறைக்கு வந்ததும் பன்னிரண்டு பெட்டிகளையும் பிரித்துக் கழிவுத் தொட்டியில் கொட்டினேன். சத்தம் கேட்டு இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. அண்ணன் சட்டைப் பையிலிருந்து அந்தத் திருட்டு முத்திரையை எடுத்து என் மேஜையில் வைத்தான். "இந்தா, வெச்சுக்கோ. இனிமே தொட மாட்டேன். போதுமா?"

"எனக்கு எதுக்கு? எங்கிட்ட ஒண்ணு இருக்கு. நீ செஞ்சதை நீயே கடைஞ்சு தள்ளு."

"இத்தனை பேர் முன்னாடியா?"

"இத்தனை பேர் வேலை செஞ்ச பெட்டியிலதானே குத்தின?"

முத்திரையைத் திரும்ப எடுத்தான். பிறகு அதைக் கடைசல் இயந்திரத்தில் பூட்டி ஓடவிட்டான். முதலில் வட்டம் போனது, பிறகு எண். சூடு ஆறாமலே கொண்டுவந்து நீட்டினான். கட்டைவிரலால் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. சரி என்றேன்.

சாயங்காலத்துக்குள் காம்பைக் குறைத்துப் புது முனை கடைந்து, முதல் குண்டைக் கொண்டுவந்து அவனே தொட்டிலில் வைத்தான். இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். நின்றது போல் இருந்து, மெல்ல மூக்குப் பக்கம் சாய்ந்தது.

"இல்ல" என்றேன்.

என்னை ஒரு முறை முறைத்தான். பிறகு குண்டை எடுத்துக்கொண்டு இயந்திரத்துக்கே திரும்பிப் போனான்.